யூனிஸ் எழுந்து நின்ற ஞாயிறு

யூனிஸை ஆச்சரியப்படுத்தப் பெரிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை. மெட்டுகுடா ஸ்டாப்பில் பஸ் வந்து, அவள் நிற்கிற இடத்துக்கு நேராகக் கதவு வந்து நின்றால் போதும், அன்றைக்குப் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் எல்லாம் பஸ் லேட் என்று திட்டிக்கொண்டிருக்கும்போது இவள் ஒருத்தி, இத்தனை டிராஃபிக்கைத் தாண்டி அது வந்து சேர்ந்துவிட்டதே என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மல்லாபூரில் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் அவளுக்கு ஸ்டோர்ஸில் வேலை. செம்புக் கம்பி, பேரிங், நட்டு, போல்ட் என்று கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தவள், இப்போது ரிட்டயர் ஆகிற வயது நெருங்கிவிட்டது. ஸ்டோர்ஸுக்கு அடுத்த ஷெட்டில்தான் டெஸ்டிங். புதிதாகச் செய்த ஃபேனைக் கொக்கியில் மாட்டி முதல்முறையாக சுவிட்சைப் போடுவார்கள். அது ஒரு நொடி யோசிப்பது போல நின்றுவிட்டு மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். காலையில் தன் கையால் எடுத்துக் கொடுத்த இரும்பும் கம்பியும் மத்தியானம் காற்றாக வந்து முகத்தில் படுகிறதே என்று யூனிஸ் அங்கே போய் நிற்பாள். இத்தனை வருஷமாக நிற்கிறாள். "என்ன மேடம், இன்னிக்கும் சுத்துச்சா?" என்று சூப்பர்வைசர் தெலுங்கில் கேலி செய்வார். "சுத்துச்சு சார்" என்று இவளும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வருவாள்.

இதெல்லாம் தொழிற்சாலையோடு போயிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறதே. பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுப்பதற்கு முன்னால், போன வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யாராவது எழுந்து நின்று சொல்லலாம். மற்றவர்கள் எழுந்தால் அதில் ஒரு விஷயம் இருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகனுக்கு விசா கிடைத்தது, இப்படி. யூனிஸ் எழுந்தால் தக்காளி.

ஆமாம், தக்காளிதான். ஒருநாள் போவன்பள்ளி மார்க்கெட்டில் லாரியிலிருந்து தக்காளியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, "மலையாட்டம் குமிஞ்சு கெடந்துச்சு பாஸ்டர். நானும் நின்னு பார்த்தேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அத்தனையும் தனித்தனியா செய்ய அவருக்கு எம்மாம் பொறுமை இருக்கணும்" என்று சபை நடுவே நின்று சொன்னாள். பாடகர் குழுவில் பெண்பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அவள் கணவர் கிதியோன் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர், அதிகம் பேசமாட்டார். வெளியே வந்ததும், "கைக்கு இதெல்லாம் சொல்ற? நாளைக்கு என் மூஞ்சியப் பார்த்தா சிரிக்கப் போறாங்க" என்றார். எங்கள் ஊர்த் தமிழில் உருது கலந்து வரும், கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்.

"ஹவ், சிரிக்கட்டுமே. சிரிச்சா நல்லதுதானே" என்று நடந்துவிட்டாள் யூனிஸ்.

அவளுக்கு ஒரே மகள், எமி. கச்சிபௌலியில் ஐ.டி. வேலை. கல்யாணம் செய்துகொண்டது ஜோனத்தன் என்கிற நாகர்கோவில் பையனை. அவனும் அதே வேலைதான். ஆபீசுக்குப் பக்கத்திலேயே உயரமான கட்டடம் ஒன்றில் வீடு. கல்யாணமாகி நாலைந்து வருஷம் குழந்தை இல்லை. டாக்டர், ஊசி, ஸ்கேன் என்று அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எமியிடமிருந்து போன் வந்தது. கரு நின்றிருக்கிறது என்றாள். "மம்மி, யார்கிட்டயும் சொல்லாதே. மூணு மாசம் ஆகட்டும். ஜோனத்தன் அவன் அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. ப்ராமிஸ் பண்ணு."

"சொல்லமாட்டேன் மா. நான் கைக்கு சொல்லப் போறேன்."

சொல்லவும் இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவளுடைய சொந்தத் தங்கை அன்று ராத்திரி போன் பண்ணி அரைமணி நேரம் பேசினாள், இவள் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேசரிக்கு ரவை கேட்டு வந்தாள், அவளிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சபைக்குப் போனாள். சாட்சி நேரம் வந்தது. யூனிஸ் எழுந்து நின்றாள்.

அவள் கணக்கு என்னவென்று கேளுங்கள். மனுஷரிடம் சொல்லக்கூடாது, அது மகளுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் சபையில் நின்று சொல்வது மனுஷரிடம் சொல்வதா? அது ஆண்டவருக்கு நன்றி சொல்வது அல்லவா? அவர் கொடுத்ததை அவர் சந்நிதியில் சொல்லாமல் மறைத்து வைத்தால் அது நன்றிகெட்டதனம் இல்லையா? முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லவில்லை என்று மனதார நம்பினாள் அந்தப் புண்ணியவதி. அவளைத் திட்டுவதா, அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

முந்நூறு பேரோடு போயிற்றா? அதுவும் இல்லை. கொரோனா காலத்திலிருந்து ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூபாலன் என்று ஒருவர், பாங்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா. நாகர்கோவிலில் ஜோனத்தனின் அம்மாவுக்கு முட்டிவலி, கோயிலுக்குப் போகமுடியாது. மகன் இருக்கிற ஊர்ச் சபை என்று அந்த அம்மாள் வாராவாரம் செகந்திராபாத் ஆராதனையைத்தான் பார்ப்பார். இங்கே கடைசி ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே அங்கிருந்து ஜோனத்தனுக்குப் போன் போய்விட்டது. "ஊருக்கெல்லாம் சொன்ன பெறவுதான் எனக்குத் தெரியணுமாடே?"

எமி அன்றைக்கு அம்மாவிடம் பேசவில்லை. இரண்டு வாரத்தில் அந்தக் கரு தங்காமல் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. தெரியாமல் இருந்திருந்தால் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பார்கள். இப்போது எல்லோருக்கும் தெரியும். சபையின் மகளிர் ஐக்கியத்திலிருந்து ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வேன் வைத்துப் போனார்கள். ஆளாளுக்கு எமியின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார்கள். அடுத்த வருஷம் இதே மாதத்தில் கையில் பிள்ளை இருக்கும் என்றார் ஒருவர். அதிகம் நடந்தாயா, காரில் குலுங்கினதா என்றார் இன்னொருவர். எமி எல்லோருக்கும் கதவைத் திறந்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு, சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து நின்றாள்.

"உனக்குத் தக்காளியும் ஒண்ணு, இதுவும் ஒண்ணு, இல்ல மம்மி? பார்த்ததெல்லாம் மைக்ல சொல்லணும். இது என் வயிறு. இனிமே நீ இங்க வராதே."

யூனிஸ் பாதி கழுவின டம்ளரை வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் போகவில்லை.

அப்பாவிடம் மட்டும் எமி போனில் பேசுவாள். கிதியோன் ஸ்பீக்கரில் போடுவார், யூனிஸ் பக்கத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்பாள். சாப்டியா பாப்பா, சாப்ட்டேன் டாடி, வேலை எப்படி, போகுது டாடி. அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்ததும், "குரல் சளி பிடிச்ச மாதிரி இருந்துச்சு, கேட்டீங்களா?" என்பாள் யூனிஸ். "நீயே கேக்குறதுதானே" என்று சொல்ல அவருக்கு மனசு வராது.

கிறிஸ்துமஸுக்கு எமி வரவில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை. யூனிஸ் சபைக்குப் போவாள், பாட்டுப் பாடுவாள், சாட்சி நேரத்தில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதல் சில வாரம் பாஸ்டர் அவள் பக்கம் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். சொல்வதற்கு வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. பஸ் வந்தது, ஏறினாள். மார்க்கெட்டில் தக்காளி இருந்தது, வாங்கினாள். தொழிற்சாலையில் டெஸ்டிங் ஷெட் பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஒருநாள் சூப்பர்வைசரே வந்து, "மேடம், புது மாடல் வந்திருக்கு, பார்க்க வரலையா?" என்று கூப்பிட்டார். போய் நின்று பார்த்தாள். ஃபேன் சுற்றியது. ஃபேன் என்றால் சுற்றத்தானே செய்யும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கே பயம் வந்துவிட்டது. ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்து, யாருக்கும் தெரியாமல் பேரிங் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகளிர் ஐக்கியத்து எலிசபெத் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒரு வார்த்தை சொன்னாள். "யூனிஸக்கா, தப்பா நெனக்காதீங்க. அந்த ஞாயித்துக்கிழமை வீடியோ இன்னும் யூடியூப்ல இருக்கு. நம்ம மத்த வீடியோவெல்லாம் சீண்ட ஆளில்ல. அத மட்டும் யாரோ பார்த்துக்கிட்டே இருக்காங்க. நம்பர் ஏறிக்கிட்டே போகுது."

யாரோ உட்கார்ந்து பார்க்கிறார்கள். தன் மகளின் துக்கத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, பாவம், இவ்வளவு ஆட்டம் போட்டாளே என்று உச்சுக்கொட்டுகிறார்கள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் பூபாலன் வீட்டுக்குப் போனாள்.

"அத எடுத்துடுங்க தம்பி."

பூபாலன் தயங்கினார். "தனியா உங்க பேச்ச மட்டும் வெட்ட எனக்குத் தெரியாதுக்கா. எடுத்தா மொத்த ஆராதனையும் போயிடும். திரும்பவும் வராது. கேமரா கார்டுல அடுத்த வாரமே மேல பதிவு பண்ணிட்டோம்."

"திரும்ப வரவே நக்கோ. என் பொண்ணுக்கு நான் செஞ்சத என்னால அழிக்க முடியாது. இதையாவது அழிச்சுக் குடுங்க."

அவர் பாஸ்டரிடம் போனில் கேட்டுவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். அவள் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட்டது போல இருந்தது.

சனிக்கிழமை கிதியோனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "அவ கூப்பிடலையே" என்றார் அவர். "கேட்ல இருந்தே சொல்லிட்டு வந்துடுறேன்" என்றாள். மெட்ரோவில் ராய்துர்க் வரை போய், அங்கிருந்து ஆட்டோ. கச்சிபௌலியில் சனிக்கிழமை என்றுகூட இல்லாமல் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. கேட்டில் செக்யூரிட்டி இன்டர்காமில் மேலே கேட்டான். பதில் வர நேரமானது. அவன் யூனிஸை ஏற இறங்கப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கொய்யாப்பழப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கடைசியில் அவன் தலையாட்டினான்.

எமிதான் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். ஜோனத்தன் வெளியே போயிருந்தான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை, திறந்த கதவை விட்டுவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள். யூனிஸ் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் இருக்க வரல மா. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். அந்த வீடியோ இருந்துச்சில்ல, சபை வீடியோ. பூபாலன் அங்கிள்கிட்ட சொல்லி அத எடுத்துட்டேன். யாரோ பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். இனிமே எவரும் பார்க்க முடியாது."

எமி நிமிர்ந்தாள். "எது?"

"நான் எந்திரிச்சு சொன்னேனே. அந்த ஞாயித்துக்கிழமையோடது."

எமி பக்கத்தில் கிடந்த போனை எடுத்தாள். விரல் தேடாமல் நேராக ஓர் இடத்துக்குப் போனது. தட்டினாள். திரும்பத் தட்டினாள். வீடியோ இல்லை என்று வந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நான்தான் மம்மி பார்த்துட்டிருந்தேன்."

யூனிஸுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கொய்யாப்பழப் பையைக் கீழே வைத்தாள்.

"தூக்கம் வரலன்னா பார்ப்பேன். ஆபீஸ்ல பாத்ரூம்ல உக்காந்து பார்ப்பேன். உன் மேல கோவம் வந்து பார்க்க ஆரம்பிச்சேன். என்னதான் நீ சொல்லித் தொலைச்சன்னு பார்க்கலாம்னு. அப்புறம் நிறுத்த முடியல." எமி அழவில்லை. ஆபீஸ் விஷயம் பேசுவது போலச் சமமான குரலில் பேசினாள். "ஸ்கேன்ல டாக்டர் மானிட்டரப் பார்த்து நம்பர் சொன்னாங்க. ஜோனத்தன் பயந்துபோய் நின்னான். நான் மூணு மாசம் தாண்டட்டும்னு மூச்சப் பிடிச்சிட்டே இருந்தேன், சந்தோஷமே படல. பட்டா போயிடுமோன்னு. போனப்புறம் எல்லாரும் வந்து அழுதாங்க. அது இருந்தப்போ, அதுக்காக ஒரு ஆள் சிரிச்சது அந்த வீடியோல மட்டுந்தான். அது இருந்துச்சுங்கிறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

யூனிஸ் எழுந்து மகளிடம் போகப் பார்த்தாள். எமி கையைக் காட்டி நிறுத்தினாள். "நீ செஞ்சது தப்பு. எனக்கு இன்னும் கோவந்தான். அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல."

"ஹவ் மா. தப்புதான்." யூனிஸின் உதடு கோணியது. "இப்பவும் உன்னைக் கேக்காமலே செஞ்சுட்டேன். எனக்கு புத்தி எப்ப வரும்னே தெரியல. பூபாலன்கிட்ட வேணா திரும்பக் கேக்கட்டா?"

"டெலிட் பண்ணா போனதுதான் மம்மி."

கீழே தெருவில் வண்டிகள் ஹாரன் அடிப்பது அவ்வளவு உயரத்துக்கும் கேட்டது. கிளம்பிவிடலாமா, கிளம்பினால் அதோடு எல்லாம் முடிந்துவிடுமா என்று யூனிஸ் மனசு அடித்துக்கொண்டது. பையை எடுக்கக் குனிந்தாள்.

"சொல்லு" என்றாள் எமி.

"என்னத்த மா?"

"அன்னிக்கு சொன்னத."

யூனிஸ் மலைத்துப்போனாள். "எம் பொண்ணு எமி..." என்று ஆரம்பித்தாள், நின்றுவிட்டது. உட்கார்ந்துகொண்டு அவளுக்கு வரவில்லை. எழுந்தாள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில், தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, சபையில் நிற்பது போல நேராக நின்றாள்.

"எம் பொண்ணு எமி முழுகாம இருக்கா பாஸ்டர். நேத்து சாயந்திரம் போன் பண்ணா. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாங்களாம். ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்காம். நான் வீட்ல போயி புளியங்கொட்டை ஒண்ணு எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பார்த்தேன். அம்புட்டுதான். அம்புட்டுக்குள்ள நெஞ்சு அடிக்குதாம்..."

"அப்படி சொல்லல" என்றாள் எமி. "தொம்மு தொம்முன்னு அடிக்குதாம்னு சொன்ன. கையால செஞ்சு காமிச்ச."

யூனிஸின் கை மார்புக்குப் போயிற்று. "தொம்மு தொம்முன்னு அடிக்குதாம். யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் சாவி குடுக்கல, அதுவா அடிக்குதாம். எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. அது அடிக்குது அடிக்குதுன்னு நெனச்சு நெனச்சு சிரிச்சுக்கிட்டே கெடந்தேன். இவரு எந்திரிச்சு என்னான்னு கேட்டாரு..."

"டாடி ஷூவப் பார்த்தாரு அப்போ."

"ஹவ். பார்த்திருப்பாரு." அழுகையிலும் யூனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எமியின் முகம் இப்போதுதான் உடைந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. யூனிஸ் போகட்டுமா வேண்டாமா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாள். எமி வலது கையை மட்டும் எடுத்து அம்மாவின் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான் மா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்."

"உக்காராதே" என்றாள் எமி. "முதல்லருந்து சொல்லு."

யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள்.